கொழுஞ்சிக்கரட்டு மரங்கள் இளைத்ததற்கான காரணங்கள்

கொழுஞ்சிக்கரடு மூன்று வருஷத்தில் நூற்றுக்கு எட்டு பங்கு கார்பனை இழந்துவிட்டது என்ற செய்தி வெளியானபோது காலை மணி பதினொன்றரை. கோரிப்பாளையத்தில் கீழ்த்தளத்து பிரியாணிக் கடையில் முதல் தேக்சாவைத் திறந்திருந்தார்கள். மாடியில் 'பசுமூச்சு வனக்கார்பன் ஆய்வு மையம்' என்று பலகை மாட்டிய அலுவலகத்துக்குள் அந்த வாசனை படியேறி வந்து நின்றது.

"எட்டு சார்" என்றாள் இந்துப்ரியா, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். மையத்தில் கணக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

மையத்தின் இயக்குநர் டாக்டர் சீதாராமன் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் எதில் டாக்டர் என்று யாருக்கும் தெரியாது. விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகள் பெயரைவிட நீளமாக இருந்ததால் யாரும் கேட்டதுமில்லை. ஜன்னலோரம் போய், சந்திப்பில் மாட்டிக்கொண்ட பஸ்களைப் பார்த்தபடி, பெரிய வீட்டில் சாவு விழுந்த சேதி கேட்டவர்போலக் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது.

"லாஸ்" என்றார். "இந்துப்ரியா, இது லாஸ்ம்மா!"

பெண்ணுக்கு வரன் அமைந்தவர் சொல்கிற மாதிரி இருந்தது. காரணம் இருக்கிறது. கார்பன் கூடியிருந்தால், பணம் போட்ட சென்னை அறக்கட்டளை கை கொடுத்துப் பாராட்டிவிட்டுத் திட்டத்தை முடித்திருக்கும். குறைந்துவிட்டதா, ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்கவேண்டும். கண்டுபிடித்ததைத் தடுக்கவேண்டும். தடுப்பதென்றால் இரண்டாம் கட்டம் வேண்டும், ஐந்து வருஷமாவது வேண்டும்.

அந்த நேரத்தில் அசாருதீன் ஹாலின் நடுவில், ஸ்டூல் எதுவும் போடாமல், எரியாத டியூப்லைட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஆறடி இரண்டு அங்குலம். முப்பத்தாறு வயதுக்குள் அவன் பார்த்த வேலைகள் எல்லாமே அந்த உயரத்துக்குக் கிடைத்தவை. ஜவுளிக்கடையில் மேல்தட்டுச் சேலைகளை எடுத்துப்போட்டான். கடல் தாண்டித் தம்மாமில் ஒரு கிடங்கில் அதையே அட்டைப்பெட்டிகளுக்குச் செய்தான். திரும்பிவந்து இங்கே கள உதவியாளராகச் சேர்ந்தான். எங்கே போனாலும் மேலே இருப்பதைக் கீழே எடுத்துவைக்கிற வேலைதான். அதில் சந்தோஷப்படவோ சங்கடப்படவோ ஏதாவது இருப்பதாக அவனுக்குத் தோன்றி நாளாயிற்று.

"எட்டுன்னா எம்புட்டும்மா?" என்று கேட்டான்.

"ஆயிரத்து இருநூறு டன் அண்ணே."

"நூத்தி இருபது லாரி. யாரும் பாக்காமலா ஏத்திட்டுப் போனாங்க?"

"அதான் கேள்வி!" என்று சீதாராமன் விரலை உயர்த்தினார். அந்த விரல் அப்படியே நின்றது. பக்கத்தில் போட்டோகிராபர் யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் இறங்கியது.

கார்பனை யாரும் தராசில் நிறுத்துவதில்லை. மரத்தைச் சுற்றி டேப்பைப் போட்டுச் சுற்றளவு எடுப்பார்கள். அதை ஒரு சூத்திரத்தில் போட்டால் மரத்தின் எடை வரும். எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். மரம் பருத்தால் கார்பன் ஏறும், மரம் போனால் இறங்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் கொழுஞ்சிக்கரட்டில், கரடு முழுவதற்கும் மாதிரியாக, நானூற்றுப் பன்னிரண்டு மரங்களுக்கு நம்பர் வில்லை அடித்து முதல்முறை அளந்தவர் கரட்டின் காவல்காரர் ஆண்டிச்சாமி. மையம்தான் அவரைத் தினக்கூலிக்கு அங்கே வைத்திருந்தது. போன மாதம் அதே மரங்களை இரண்டாம்முறை அளந்தது அசாருதீன். இரண்டு கணக்குக்கும் நடுவில்தான் நூற்றிருபது லாரி காணாமல் போயிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே விசாரணை தொடங்கிவிட்டது.

"தீ?" என்றார் சீதாராமன்.

"மூணு வருஷமாத் தீயே பிடிக்கலை சார். ஆண்டிச்சாமி கோடைக்கு முன்னாடியே சருகைக் கூட்டிச் சுத்திவரத் தீத்தடுப்புக் கோடு வெட்டி விட்டுர்றாரு."

"அடடா." உண்மையாகவே வருந்தினார். "மரவெட்டு?"

"நம்பர் போட்ட மரம் ஒண்ணு குறையலை சார். அசார் அண்ணே எண்ணிட்டு வந்துட்டாரு."

"வறட்சி?"

"ரெண்டு வருஷம் நல்ல மழை சார். ஆத்துல தண்ணி போனப்ப நீங்களே பாலத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டீங்க."

"அப்ப, உலக வெப்பம்." கையை விரித்தார். இதற்கு எதிர்ப்பேச்சு இருக்காது என்ற நம்பிக்கை அந்த விரிப்பில் தெரிந்தது. ஆனால் சென்னையிலிருந்து அறக்கட்டளை அம்மையார் போனில் பணிவாக மறுத்துவிட்டார். உலக வெப்பத்தை ஏற்கெனவே வேறொரு மலைத் திட்டத்துக்கு ஒதுக்கியாயிற்றாம். "நாம உடனே நடவடிக்கை எடுக்கற மாதிரி ஏதாவது காரணமா பாருங்க டாக்டர்."

நடவடிக்கை எடுக்க வாகான காரணத்துக்கு நாலு கால் இருந்தது. கரட்டின் அடியில் ஆண்டிச்சாமியின் மனைவி முத்துமீனா இருபத்திரண்டு ஆடு வைத்திருந்தாள்.

"ஆடு குட்டிச்செடியைத் தின்னும் சார்" என்றாள் இந்துப்ரியா. "நம்ம சூத்திரத்துல பெரிய மரம்தான் இருக்கு. அதோட இடுப்பை ஆடு எப்படித் தின்னும்?"

"நேரடியாத் தின்னாதும்மா. பிரஷர். உயிரினங்களால் வரும் அழுத்தம். தலைப்பா போடு."

தலைப்பு போட்டதும் மற்றது தானாக வந்தது. முப்பத்தோராம் பக்கத்தில் பரிந்துரை: கரட்டில் மேய்ச்சலை அடியோடு நிறுத்தவேண்டும். தன் வீட்டு ஆட்டையே தடுக்கத் தவறிய காவல்காரரின் வேலையை எடுத்துவிட்டு, மரத்துக்கு மரம் கேமரா வைக்கவேண்டும். அடுத்த வியாழக்கிழமை ஓட்டலில் விழா. அன்றைக்கு அறிக்கை மேடையேறினால் ஆண்டிச்சாமிக்கு வேலை இல்லை, முத்துமீனாவுக்கு ஆடு இல்லை. அசாருதீன் அதைப் படித்தான். அச்சுப்பிழை ஏதும் இல்லை என்று பட்டது.

"நீ போய் ஆதாரத்துக்கு ஆறு போட்டோ எடுத்துட்டு வந்துரு" என்றார் சீதாராமன். "ஆடு மரத்தைக் கடிக்கிற மாதிரி. ஆட்டோட முகம் தெளிவா இருக்கணும்."

*

கொழுஞ்சிக்கரடு அழகர்கோவில் சாலையில் போய் வலப்பக்கம் மண்பாதையில் திரும்பினால் வரும். மலை என்று சொன்னால் மலைக்கே கூச்சம் வரும், கரடுதான். உசிலையும் வெப்பாலையும் முள்ளும் பாறையும். காடு என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணில் வருகிற பச்சை இங்கே வருஷத்தில் மூன்று மாதம்தான். மீதி மாதங்களுக்கு மையத்தின் பிரசுரங்களில் கேரளாவிலிருந்து படம் போடுவார்கள்.

முத்துமீனா வேலியோரம் அகத்திக்கீரை அறுத்துக்கொண்டிருந்தாள். அசாருதீன் பைக்கை நிறுத்தியதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க பாய். கோபுரத்தைக் கொண்டாந்து நிப்பாட்டுன மாதிரி நிக்கிறீக. உக்காருங்க, கழுத்து வலிக்குது."

"போட்டோ எடுக்கணும்க்கா. ஆடு மரத்தைக் கடிக்கிற மாதிரி."

"ஆட்டுக்கு என்ன கோட்டி புடிச்சிருக்கா, மரத்தைக் கடிக்க? கீரை அறுத்துப் போடுறேன்ல. எதுக்கு?"

அவன் மறைக்கவில்லை. மறைக்க முயற்சி வேண்டும். "கரட்டுல கார்பன் கொறஞ்சு போச்சாம். ஆடுதான் காரணம்னு எழுதியிருக்காங்க. வியாழக்கிழமை விழா. அப்புறம் ஆடு இருக்கக் கூடாது. அண்ணனுக்கும் வேலை இருக்காது."

முத்துமீனா கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்தாள். வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "இந்தா, வெளிய வா. உன்னைய வேலைய விட்டுத் தூக்கப்போறாகளாம், வந்து கேளு."

ஆண்டிச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கட்டை உருவம். அசாருதீன் பக்கத்தில் வந்து நின்றபோது அவன் சட்டையின் மூன்றாவது பொத்தானோடு பேசுகிறவர்போல இருந்தார்.

"கார்பன்னா என்ன பாய், கரியா?"

"கிட்டத்தட்ட அதான்ண்ணே. மரத்துக்குள்ள இருக்கறது."

"மரம் ஒண்ணு போகலையே. எனக்கு ஒவ்வொண்ணும் தெரியும்."

"போகலைண்ணே. எல்லா மரமும் நிக்குது. ஆனா இளைச்சிருச்சு."

"மரம் இளைச்சிருச்சா?" முத்துமீனா இடுப்பில் கைவைத்தாள். "என்னத்துக்கு இளைக்குது? சுகர் வந்துருச்சா? நடைப்பயிற்சி போகுதா? ஏய்யா, இம்புட்டுப் படிச்சவுக உக்காந்து யோசிக்கிறீகளே, நின்ன எடத்துல நிக்கிற மரம் எப்படிய்யா இளைக்கும்?"

அசாருதீனுக்கு அந்தக் கேள்வி நியாயமாகப் பட்டது. அலுவலகத்தில் அதை ஒருவரும் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் பட்டது.

"வாங்கண்ணே, ஒண்ணை அளந்து பாப்போம்."

மூன்றுபேரும் ஏறினார்கள். நூற்றுப் பதினேழாம் நம்பர் உசிலை, அடியில் பருத்து மேலே போகப்போகச் சிறுத்தது. டேப்பை ஆண்டிச்சாமி வாங்கினார். முதல் தடவை அளந்த பெருமை இன்னும் இருந்தது. மரத்தைக் கட்டிப்பிடிக்கிறவர்போலக் கையை விட்டு டேப்பைச் சுற்றி, தன் நெஞ்சுக்கு நேராக இழுத்துப் பிடித்தார்.

"எழுபத்தொண்ணு."

அசாருதீன் அதே டேப்பை வாங்கித் தன் நெஞ்சுக்கு நேராகச் சுற்றினான். அறுபத்தெட்டு.

ஆண்டிச்சாமியின் நெஞ்சு அசாருதீனின் தொப்புளுக்குச் சற்று மேலே இருந்தது. அவர் பிடித்த இடத்துக்கும் இவன் பிடித்த இடத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. அந்த ஒரு சாணில் உசிலை மூன்று சென்டிமீட்டர் இளைத்திருந்தது.

"பயிற்சியில என்னண்ணே சொன்னாக?"

"நெஞ்சு உயரத்துல அளக்கணும்னாரு டாக்டரு. நெஞ்சு உயரத்துலதான் அளந்தேன்."

எனக்கும் அதைத்தான் சொன்னார் என்று நினைத்துக்கொண்டான் அசாருதீன். கையேட்டில் தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டருக்கும் மேலே இத்தனை சென்டிமீட்டர் என்று திட்டமாகப் போட்டிருந்தது. அந்த உயரத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் பெயின்ட் வளையம் அடிக்கவேண்டும் என்றும் இருந்தது. ஆனால் கையேடு இங்கிலீஷில் இருந்தது. பயிற்சி நாளன்று குத்துவிளக்கேற்றி, வரவேற்றுப் பேசி, வரவேற்றவரை வாழ்த்திப் பேசி முடிப்பதற்குள் பிரியாணி வந்துவிட்டது. பெயின்ட் விஷயத்தில் சீதாராமன் ஒரே வார்த்தையில் முடித்திருந்தார்: காடு கல்யாண மண்டபத் தூண் மாதிரி ஆகிவிடும், போட்டோ நன்றாக வராது.

"அப்ப காட்டுல ஒண்ணும் கொறையல" என்றாள் முத்துமீனா மெதுவாக. "ஆளுதான் வளந்திருக்கான்."

"ஆமாக்கா."

"இதப் போயிச் சொல்லுங்க பாய். இம்புட்டுத்தான விசயம்."

"சொல்றேன்க்கா."

சொல்வான்தான். சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்கு எந்த ஊகமும் இல்லை. போட்டோ எடுக்காமல் திரும்பினான்.

*

இந்துப்ரியாவுக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. அவள் இரண்டு அளவைகளின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். பிறகு விரலை எடுத்துவிட்டாள்.

"இதை ஏன் அண்ணே என்கிட்ட சொன்னீங்க?"

"வேற யார்ட்ட சொல்றது?"

இரண்டுபேருமாகப் போய் சீதாராமனிடம் சொன்னார்கள். அவர் கோபப்படவில்லை. எழுந்து நின்று இருவரையும் உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் நீளமாகப் பேசப்போகிறார் என்று அர்த்தம்.

"அசாருதீன், உன் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனா விஞ்ஞானங்கறது ஒரு சாணுக்குள்ள அடங்கற விஷயமில்லை. நீ ஒரு மரத்தைப் பார்க்கிற. நான் காட்டைப் பார்க்கிறேன். அறக்கட்டளை உலகத்தையே பார்க்குது. அவங்க வருஷாந்தர அறிக்கையில இந்த எட்டு சதவீதத்தை அச்சடிச்சாச்சு. வியாழக்கிழமை இழந்த கார்பனுக்காக ஒரு நிமிஷம் மௌனம் அனுஷ்டிக்கிறதா நிகழ்ச்சி நிரல்லயே இருக்கு. இப்பப் போயி, சாகவே இல்லைன்னு சொன்னா எப்படி இருக்கும்?"

"அப்ப ஆண்டிச்சாமியோட வேலை சார்?" என்றாள் இந்துப்ரியா.

"அவருக்குப் பொன்னாடை போடறோமே. சமுதாயப் பிரதிநிதி. கார் அனுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோது அசாருதீன் இதை மனைவி நிலோபரிடம் சொன்னான். செய்தி வாசிக்கிறவன் குரலில் சொன்னான்.

"மௌத்தான வீடா அது, மௌனமா நிக்க?" என்றாள் நிலோபர். "சரி, நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"தெரியல."

"கோபமா வருதா?"

அவன் யோசித்துப் பார்த்தான். கோபம் வருகிற வழியில் ஏதோ வேலை நடப்பதுபோல இருந்தது. "வரலை" என்றான். "குழம்பு ஊத்து."

*

வியாழக்கிழமை ஓட்டல் ஹாலில் ஏசி பல் கிட்டுகிற மாதிரி ஓடியது. வெளியே நாற்பது டிகிரி. உலகம் வெப்பமாவதைப் பற்றிப் பேசக் கூடிய எண்பதுபேரும் கோட்டையும் சால்வையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். மேடைக்குப் பின்னால் 'வனக் கார்பன் இழப்பின் காரணங்கள்' என்று பெரிய பேனர். மேஜைகளில் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரும், கார்பன் இல்லா எதிர்காலம் என்று அச்சடித்த ஆளுக்கொரு பையும்.

முதலில் மௌன அஞ்சலி. தொகுப்பாளினி ரோஜாநிற மைக்கில் அறிவித்ததும் எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். முன்வரிசையில் புதுச் சட்டையோடு நின்ற ஆண்டிச்சாமி, செத்தது யார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார். "கார்பன்" என்றார் அவர். ஆண்டிச்சாமியும் தலை குனிந்தார்.

பிறகு பொன்னாடை. தலைமை விருந்தினர் அவர் தோளில் அதைப் போர்த்தியபோது கைதட்டல் எழுந்தது. முப்பத்தோராம் பக்கத்தை அவருக்கு யாரும் படித்துக்காட்டியிருக்கவில்லை. ஆனால் அசாருதீன் கரட்டில் சொன்னது அவருக்கு நினைவிருந்தது என்பது, கைதட்டல் முடிந்தும் மேடையைவிட்டு இறங்காமல், ஹாலின் பின்பக்கம் அவனைத் தேடிய பார்வையிலேயே தெரிந்தது.

சீதாராமன் பேசத் தொடங்கினார். ஆடுகளிடம் வந்து சேர்ந்தபோது பேனரின் வலதுமூலை கழன்று தொங்கியது. 'காரணங்கள்' என்ற சொல் மடிந்து விழுந்து 'வனக் கார்பன் இழப்பின்' மட்டும் நின்றது. ஹாலில் யாருக்கும் மூலை எட்டாது. எல்லோரும் அசாருதீனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் மேடையேறிப் பேனரைக் கட்டினான். கட்டிவிட்டு இறங்கவேண்டும். இறங்காமல் சீதாராமனுக்குப் பக்கத்தில் வந்து நின்று மைக்கைத் தன் பக்கம் திருப்பினான். துணிச்சல் என்று சொல்ல முடியாது. நாளைக்கும் இதே வேலைதான், இன்றைக்குச் சொல்லிவிட்டால் நாளைக்குச் சொல்லவேண்டாம் என்ற கணக்குத்தான்.

"ஆண்டிச்சாமி அண்ணே, இங்கிட்டு வாங்க."

ஆண்டிச்சாமி பொன்னாடையோடு வந்து பக்கத்தில் நின்றார். ஹாலில் லேசாகச் சிரிப்பு.

"மூணு வருஷத்துக்கு முந்தி மரத்தை அளந்தது இவரு. போன மாசம் அளந்தது நான்" என்றான் அசாருதீன். "அவர் அளந்தது இங்க." ஆண்டிச்சாமி தன் நெஞ்சில் கையை வைத்தார். "நான் அளந்தது இங்க." அசாருதீன் தன் நெஞ்சில் கையை வைத்தான். "மேல போனா மரம் சிறுத்துத்தான் இருக்கும். கார்பன் எங்கயும்..."

நிகழ்ச்சி நிரலில் ஏழாவது அயிட்டம் உறுதிமொழி. கையைப் பார்த்ததும் தொகுப்பாளினிக்கு அது தொடங்கிவிட்டதாகப் பட்டது. "அனைவரும் எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து!" என்று தன் மைக்கில் கூவினாள். எண்பதுபேரும் எழுந்தார்கள். சீதாராமன் ஒரு கணம் இரண்டுபேரையும் பார்த்தார். பிறகு தானும் நெஞ்சில் கைவைத்து, அசாருதீன் பேசிக்கொண்டிருந்த மைக்கில் தொடங்கினார்: "வனத்தைக் காப்போம்."

"வனத்தைக் காப்போம்!" என்றது ஹால்.

"எங்கயும் போகலை" என்றான் அசாருதீன்.

"கார்பனை மீட்போம்."

"கார்பனை மீட்போம்!"

அவன் மூன்றுமுறை சொன்னான். மூன்றாம் முறை ஆண்டிச்சாமிக்குக்கூடக் கேட்டிருக்காது. போட்டோகிராபர் முழங்காலிட்டு எடுத்தார். வெட்கம் வரும் என்று அசாருதீன் காத்திருந்தான். வரவில்லை. நெஞ்சின்மேல் வைத்த கையின் கீழே இதயம் ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது, யாருடையதோ மாதிரி.

அறிக்கை கைதட்டலோடு ஏற்கப்பட்டது. சாப்பாட்டில் மட்டன் சுக்கா நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

*

சனிக்கிழமை சீதாராமன் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். வேலை போகும் என்று எண்ணித்தான் உள்ளே போனான். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"நீ சொன்னது எனக்கு அன்னைக்கே புரிஞ்சிருச்சு அசார். நான் முட்டாள் இல்லை." குரலில் இருந்த மேடை இறங்கியிருந்தது, பார்க்கச் சின்ன மனிதராகத் தெரிந்தார். "ரெண்டாம் கட்டம் வந்திருச்சு. வருஷா வருஷம் அளக்கணும். ஆட்டை நிறுத்தறோம், கேமரா வைக்கறோம். இனி கார்பன் ஏறணும்ல?"

"ஏறணும் சார்."

"யார் அளப்பா?"

"நான்தான் சார்."

"நீ அளந்தா ஏறாது." மேஜையில் இருந்த பென்சிலை நிறுத்திவைத்தார். அது விழுந்தது. "உயரம் கம்மியான ஆளாப் பாரு. அறிவிப்புல அப்படிப் போட முடியாது. அஞ்சே காலுக்குக் கீழ. விவரம் தெரிஞ்சவனா இருக்கணும், வாய்க்காரனா இருக்கக் கூடாது."

வியாழக்கிழமை எண்பதுபேர் முன்னால் உண்மையைச் சொல்லி ஒன்றும் நடக்கவில்லை. இப்போது சாத்திய அறைக்குள் ஒரு வாய்ப்பு மேஜைமேல் கிடந்தது.

"ஒரு ஆள் இருக்காரு சார். அஞ்சடி ஒரு அங்குலம். மரமெல்லாம் தெரியும்."

சீதாராமனுக்கு யார் என்று புரிந்தது. சிரித்தார். "ஆடு இருக்கக் கூடாது. அது அறிக்கையில இருக்கு."

"இருக்காது சார்."

அன்றைக்கே போய்ச் சொன்னான். ஆண்டிச்சாமி தரையைப் பார்த்தபடி கேட்டார். காவல் வேலை இல்லை, அவர் நெஞ்சு உயரத்திலேயே அளந்து கார்பனை ஏற்றுகிற வேலை. கூலி அதே கூலி, ஆடு மட்டும் இருக்கக் கூடாது. முடிந்ததும் முத்துமீனா ஆட்டுப்பட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்ப தப்புன்னு சொன்னீகளே பாய், அது தப்பில்லையா?"

"தப்புதான்க்கா."

"அதத்தான் மறுபடி செய்யச் சொல்றீக."

"ஆமாக்கா."

"ஒளிச்சு மறைச்சுப் பேசத் தெரியாதாக்கும் உங்களுக்கு. அதுவரைக்கும் நல்லவுகதான்." எழுந்துபோய் பட்டியின் படலைத் திறந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை திருமங்கலம் சந்தைக்கு இருபத்திரண்டையும் குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். அசாருதீன் கயிற்றைப் பிடித்து உதவினான். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. வண்டி திரும்பியபோது ஆடுகளை எண்ணுவதுபோல உதடு அசைந்தது, பாதியில் விட்டுவிட்டாள்.

அடுத்த பங்குனியில் மூன்றாவது அளவை நடந்தது. கேமராக்களில் பாதியைக் குரங்கு கழற்றியிருந்தது. மீதி கேமராக்களில் குரங்குதான் இருந்தது. வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம் என்று ஆறு மணிக்கே ஏறினார்கள். ஆண்டிச்சாமி அளக்க, அசாருதீன் தாளில் குறித்துக்கொண்டு பின்னால் வந்தான். முதல் முப்பது மரங்களை ஆண்டிச்சாமி நெஞ்சுக்கு நேராகவே அளந்தார். முப்பத்தோராவது வெப்பாலையில் கை தாழ்ந்தது. டேப் அவர் பனியனின் அடிவிளிம்புக்கு வந்து நின்றது. திரும்பிப் பார்த்தார்.

"இம்புட்டுப் போதுமா பாய்? இன்னும் கொஞ்சம் எறக்கவா?"

அசாருதீன் டேப்பைப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்தான். கேலியா என்று தேடினான். இல்லை. வேலையைச் சரியாகச் செய்யவேண்டுமே என்ற கவலைதான் இருந்தது.

"போதும்ண்ணே" என்றான். "ரொம்பப் பருத்தாலும் காரணம் கேப்பாங்க."

ஆண்டிச்சாமி எண்ணைச் சொன்னார். அசாருதீன் அதை எழுதிக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்தான்.